கூட்டிச் சொன்ன இருபது

மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"எனக்கா பிரஷர்? டாக்டர், நான் அடுத்தவங்களுக்குக் குடுக்கிற ஆளு. என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க."

டிரைவிங் ஸ்கூலில் வைத்த பெயர்தான் மாஸ்டர். வீட்டுக்கும் தெருவுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச், ஐயோ கிளட்ச்!" என்று கத்திக் கத்தி அவர் தொண்டையே ஒரு ஹாரன் ஆகியிருந்தது. அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பது, பேன்ட்டைச் சிறிதாக்குவது, பெரியவன் சட்டையைச் சின்னவனுக்குப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் செய்வாள். தெருவுக்கு அவள் டெய்லரம்மா.

"வீட்டுலயே பிரஷர் பார்க்கிற மெஷின் ஒண்ணு வாங்கிடுங்க," என்றாள் டாக்டரம்மா. "இங்க வந்தா சில பேருக்குப் பயத்துலயே ஏறிடும். வீட்டுல எடுக்கிறதுதான் எனக்கு நம்பிக்கை. மேல் எண் நூத்தி முப்பத்தஞ்சுக்கு உள்ள இருந்தா சந்தோஷம்."

எப்படி எடுப்பது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில்.

"கடைசியா, அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காம இருக்கணும். அப்புறம்தான் பட்டனை அமுக்கணும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை எடுக்கணும்."

டெய்லரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு நிமிஷமா? இவரா?"

"நீங்களும்தாம்மா. நீங்க பேசினா அவர் பதில் சொல்லுவாருல்ல?"

மேல் எண் இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கிற அழுத்தம், கீழ் எண் அது இளைப்பாறும்போது இருப்பது என்று நர்ஸ் விளக்கினாள். "ஆக்சிலரேட்டர் ஒண்ணு, நியூட்ரல் ஒண்ணு. அவ்வளவுதானே?" என்றார் மாஸ்டர்.

எதிரே தூரத்தில் வருகிற லாரியின் நம்பர் அவருக்குத் தெரியும். கையில் பிடித்திருக்கும் மாத்திரை அட்டையின் எழுத்து தெரியாது. அதற்கென்று வாங்கிய கண்ணாடியைப் போட்டால் கிழவனாகிவிடுவோம் என்று அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தார். ஆகவே பட்டையைக் கட்டுவது, பட்டனை அமுக்குவது, எண்ணைப் படித்துச் சொல்வது எல்லாமே டெய்லரம்மாவின் வேலையாயிற்று.

ஆரம்பத்தில் அவள் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். மாத்திரையும் வேலை செய்தது. நூற்று முப்பத்தி நாலு, நூற்று முப்பத்தி ஏழு என்று மெஷின் சமர்த்தாகத்தான் இருந்தது.

நாலு தெரு தள்ளி மாஸ்டரின் அக்கா இருந்தாள். கணவர் போன பிறகு தனிக்கட்டை. மாஸ்டர் வேலை முடிந்து சாயங்காலம் நேராக அங்கேதான் போவார். அக்கா கையால் ஒரு டீ, கூடவே தட்டு நிறைய உப்பும் காரமுமாக ஏதாவது வறுவல். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது வாயில் 'அக்கா சொன்னா' இருக்கும். வாசல் விளக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று அக்கா சொன்னாள். திரைச்சீலை நிறம் கண்ணை உறுத்துகிறது என்று அக்கா சொன்னாள். டெய்லரம்மா இத்தனை காலமாக இதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மாஸ்டர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"அக்கா சொன்னா, எனக்குப் பிரஷர் வந்ததே உன் தையல் மெஷின் சத்தத்தாலதானாம்."

"என்னது?"

"பொழுதன்னைக்கும் கடகடன்னு காதுல விழுந்தா எந்த மனுஷனுக்கும் ஏறும்ங்கறா. முன்னறையைக் காலி பண்ணிட்டு, தைக்கிறதை விட்டுடச் சொல்றா. யோசிக்க வேண்டிய விஷயம்தான்."

"நீங்க நாள் பூராவும் வண்டிக்குள்ள கத்தறது ஏறாதாமா?"

"அது தொழில்."

"இது என்ன, பொழுதுபோக்கா?"

"சரி சரி, கட்டு. அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது."

அந்த ஐந்து நிமிஷமும் டெய்லரம்மாவின் நெஞ்சு கொதித்தது. மெஷின் உறுமி, பட்டை இறுகித் தளர்ந்து, எண் வந்தது. நூற்று முப்பத்தி எட்டு.

"நூத்தி ஐம்பத்தெட்டு," என்றாள்.

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னடி சொல்ற?"

"அங்க என்ன சாப்பிட்டீங்க?"

"வறுவல்."

"உப்பு?"

"அக்கா கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவா."

"பார்த்தீங்களா," என்றாள் டெய்லரம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மாஸ்டர் அன்று ராத்திரி பூனை மாதிரி அடங்கிச் சாப்பிட்டுப் படுத்தார். முன்னறையைக் காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று.

யூனிபார்ம் தைக்கும்போது குழந்தையின் அளவுக்கு மேலே ஓர் அங்குலம் கூட்டி வைத்து வெட்டுவது டெய்லரம்மாவின் கைப்பழக்கம். குறைத்து வெட்டினால் துணி போச்சு. கூட்டி வைத்தால் வேண்டும்போது பிடித்துக்கொள்ளலாம். இருபதைக் கூட்டிச் சொன்னதையும் அந்தக் கணக்கிலேயே அவள் வைத்துக்கொண்டாள். 'கூடச் சொன்னா மனுஷன் ஜாக்கிரதையா இருப்பாரு. கெடுதல் ஒண்ணும் இல்லையே.' மனசு எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு வார்த்தைக்கா பஞ்சம்?

அதிலிருந்து அக்கா வீட்டுக்குப் போய்வந்த சாயங்காலமெல்லாம் எண் ஏறியது. போகாத சாயங்காலங்களில் நல்லபடியாக இருந்தது. மாஸ்டர் மோட்டார் வண்டியை அலசுகிற மாதிரி இதையும் அலசி ஒரு முடிவுக்கு வந்தார்.

"அக்கா கை உப்புதான். வேற ஒண்ணுமில்ல. அவகிட்டயும் சொல்லிட்டு அங்க போறதை நிறுத்திட்டேன்."

"நிறுத்தச் சொல்லி நான் சொல்லலையே."

"நீ சொல்லல. மெஷின் சொல்லுது."

டெய்லரம்மா துணியை மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனார்கள். அங்கே நூற்று முப்பத்தி ஆறு.

"இது நல்லாத்தான் இருக்கு. வீட்டுல எப்படி?"

"சாயங்காலத்துல சில நாள் நூத்தி அறுபதெல்லாம் போயிருக்கு டாக்டர்," என்றார் மாஸ்டர். ஏதோ வண்டியின் வேகத்தைச் சொல்வது போல இருந்தது. "நீங்கதானே சொன்னீங்க, வீட்டுல எடுக்கிறதுதான் நம்பிக்கைன்னு."

டாக்டரம்மா யோசித்தாள். "அப்போ இன்னொரு மாத்திரை சேர்த்துடலாம்."

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். டெய்லரம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாத்திரைதானே என்று நினைத்தாள். சொன்னால் இவர் என்ன நினைப்பார், அந்த அம்மா என்ன நினைப்பாள் என்றும் நினைத்தாள். அதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது.

புது மாத்திரை தொடங்கியதும் மெஷின் நூற்றுப் பத்து காட்டியது. பிறகு நூற்று நாலு. திடீரென்று இவ்வளவு இறங்கியதைச் சொன்னால் முந்தினது பொய் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்தாள். அதனால் அதையும் கூட்டித்தான் சொன்னாள். நூற்று முப்பத்தி இரண்டு. நூற்று முப்பது. பொய்யைக் கட்டிக் காப்பாற்ற இன்னொரு பொய். மாஸ்டர் காலையில் கட்டிலிலிருந்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, கண்ணை இருட்டிச்சு," என்றார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருக்கச் சொன்னாள். நாளைக்கு எப்படியும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று தினம் தினம் தீர்மானித்தாள்.

அந்த நாளைக்கு முன்னால் மாஸ்டர் விழுந்தார்.

பயிற்சி மைதானத்தில், ஒரு மாணவி வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டாளா என்று பார்க்க இறங்கினார். இறங்கி நின்றவர் அப்படியே சாய்ந்தார். புருவத்துக்கு மேலே வண்டியின் கதவு விளிம்பு கிழித்துவிட்டது. அந்தப் பெண்ணே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தையல் போடவைத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டாள். "ஆன்ட்டி, நல்ல வேளை வண்டி நின்னுச்சு. ஓடும்போது சார் மயங்கியிருந்தா அவர் பக்கத்து பிரேக்கை யார் மிதிப்பா? எனக்கு இன்னும் கை நடுங்குது," என்றாள். டெய்லரம்மாவுக்கும் நடுங்கியது. அவளுக்கு நடுங்கிய காரணம் வேறு.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது தொண்ணூற்றி ஆறாம். நாளைக்கே உங்கள் டாக்டரைப் பாருங்கள், வீட்டு மெஷினையும் எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

விஷயம் காதில் விழுந்து அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் ஒரு டப்பா. தம்பியின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பிரஷர் ஏறி விழுந்துட்டியாடா?"

"ஏறலக்கா, இறங்கிடுச்சாம்."

"ஏறினதாலதானே மாத்திரை? மாத்திரையாலதானே இறக்கம்? ஆரம்பம் என் உப்புதானே?" அக்கா டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "இதுல ஒரு கல் உப்பு கிடையாது. வாயில வைக்க முடியாது, ஆனா போடல. இப்போ எனக்கும் சேர்த்தே போடறதில்ல."

"அண்ணி, உட்காருங்க," என்றாள் டெய்லரம்மா.

அக்கா உட்காரவில்லை. டெய்லரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ சரியாத்தான் பார்த்துச் சொல்லிட்டு இருந்திருக்க. நான்தான் உன் தையல் மெஷின் மேல பழியைப் போட்டேன். மனசுல வெச்சுக்காதே, டெய்லரம்மா. மன்னிச்சுடு."

அக்காவின் கைகள் குளிர்ந்து கிடந்தன. "ஐயோ, அண்ணி, அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றாள். சொல்ல வேண்டியது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் மூவருமாகப் போனார்கள். அக்காவை வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "நான் என்ன போட்டேன், எவ்வளவு போட்டேன்னு நானே சொல்றேன்," என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் முதலில் அவர்கள் மெஷினில் எடுத்தாள்: நூற்று இரண்டு. பிறகு டெய்லரம்மா கொண்டுவந்த மெஷினில் எடுத்தாள்: நூற்று மூன்று. வீட்டில் நூற்று முப்பதுக்குக் கீழே வந்ததே இல்லை என்றார் மாஸ்டர்.

"மெஷின் சரியாத்தான் இருக்கே," என்றாள் டாக்டரம்மா. "அப்போ வீட்டுல எடுக்கிற விதத்துல ஏதோ தப்பு. சட்டைக்கு மேல கட்டினீங்களா?"

"இல்லை டாக்டர்," என்றார் மாஸ்டர். "என் தப்புதான். அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்காது. பட்டை இறுகும்போதே ஏதாவது பேசிடுவேன்."

"அவன் பேசறதுக்கு இவ்வளவு ஏறுமா?" என்று அக்கா குறுக்கே வந்தாள். "டாக்டர், நான் சொல்றதைக் கேளுங்க. என் வறுவல்தான். கையில அள்ளிப் போடுவேன். அளவே கிடையாது."

"உப்பு நாள்பட ஏத்தும்மா. நீங்க குறைச்சது நல்லது. ஆனா ஒரு சாயங்காலத்துக்கு இவ்வளவு..." டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டினாள். "எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. வீட்டுல ஏறுது, இங்க இறங்குது. ரெண்டு மாத்திரையையும் நிறுத்த எனக்குத் தைரியம் இல்ல. புதுசைப் பாதியாக்கிடலாம். ஒரு வாரம் பார்ப்போம்."

ஒரு வாரம். பாதி மாத்திரை. காலையில் கட்டிலிலிருந்து எழுந்து சுவரைத் தேடுகிற அந்தக் கை டெய்லரம்மாவின் கண்ணுக்குள் வந்தது. பக்கத்தில் ஒருத்தர் தன் நாக்கைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொருத்தி தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பாதியும் வேண்டாம், டாக்டர்," என்றாள்.

"ஏம்மா?"

"ஏறவே இல்லை."

"என்ன ஏறல?"

"மெஷின் காட்டினது ஒண்ணு. நான் படிச்சுச் சொன்னது ஒண்ணு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு கூட்டிச் சொன்னீங்க?" என்றாள் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை.

"முதல்ல இருபது. அப்புறம் அன்னன்னைக்கு எனக்கு இருந்த கோவத்தைப் பொறுத்து."

"யார் மேல கோவம்?"

டெய்லரம்மா தலையைத் தூக்கவில்லை. "அண்ணி மேல. இவர் அங்க போகக்கூடாதுன்னு."

டாக்டரம்மா புது மாத்திரையின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். "இன்னைக்கே நிறுத்திடுங்க. பழைய மாத்திரை ஒண்ணு மட்டும் போதும். அம்மா, நீங்க சொல்ற எண்ணைப் பார்த்துதான் என் கை எழுதுது. தெரியுமா உங்களுக்கு? அவர் இன்னொருத்தருக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவர்." சற்று நிறுத்தி, "இங்க நூத்தி முப்பத்தாறு வந்த அன்னைக்கே மெஷினைக் கொண்டுவரச் சொல்லி நானும் கேட்டிருக்கணும்," என்றாள். ஆனால் அது டெய்லரம்மாவுக்கு ஆறுதலாக இல்லை.

வாடகை வண்டியில் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார். வேறு நாளாக இருந்தால் அந்த டிரைவருக்கு நாலு பாடம் நடந்திருக்கும். டிரைவர் கை காட்டாமல் திரும்பினான். சிவப்பு விழுகிற நேரத்தில் புகுந்து போனான். மாஸ்டர் மூச்சு விடவில்லை. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்து, தன் தெரு முனையில் இறங்கிக்கொண்டாள்.

"அண்ணி..."

"அப்புறம் பேசலாம்."

நர்ஸ் சொன்ன அந்தப் பேசாத ஐந்து நிமிஷம் அந்த வீட்டில் முடியவேயில்லை. மாஸ்டர் திட்டவில்லை, தட்டைத் தள்ளிவிடவில்லை, போட்டதைச் சாப்பிட்டார். திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். காலையிலும் சாயங்காலத்திலும் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். எண் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. சுவரைப் பிடிக்கிறாரா என்று மட்டும் தலையணைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பிடிக்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் அக்காவே தம்பியை முன்னால் விட்டு உள்ளே வந்தாள். மெஷின் அவள் கையில் இருந்தது.

"இந்தா, இவனுக்குக் கட்டி விடு. நான் கட்டினா பட்டை முழங்கைக்கு இறங்கிடுது. மெஷின் எரர் எரர்னு திட்டுது. நீ அளவெடுத்துப் பழகினவ. ஆனா படிக்கிறது நான்தான்."

"சரி அண்ணி."

"கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதே."

"இல்ல அண்ணி."

"சாயங்காலமானா ரெண்டு டீ கிளாஸை எடுத்து வெச்சு, ஒண்ணை மறுபடி உள்ள வெச்சேன். எத்தனை நாள்! அது சுலபத்துல போகாது."

டெய்லரம்மா மாஸ்டரின் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கினாள். மூவரும் பேசாமல் உட்கார்ந்தார்கள். எடுத்ததும் அக்கா மெஷினைத் தன் பக்கம் திருப்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள். "நூத்தி இருபத்தெட்டு. கீழ எண்பது."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து தானும் ஒரு தடவை பார்த்தார். சரியாக இருந்தது போலும். கழற்றி உள்ளே வைத்தார்.

"டீ இருக்கான்னு கேளுக்கா," என்றார்.

டெய்லரம்மா படக்கென்று எழுந்தாள்.

"இரு," என்றாள் அக்கா. "உனக்கு எப்போ பார்த்தது?"

"எனக்கா? எனக்கு எதுக்கு அண்ணி?"

"முகத்தைப் பாரு, தூங்கினவ மாதிரியா இருக்கு? உட்கார். டேய், கட்டுடா அவளுக்கு."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டையை எடுத்தார். அவருக்குக் கட்டத் தெரியவில்லை. ஒரு தடவை தலைகீழாகச் சுற்றி அவிழ்த்தார். அவர் விரல் அவள் கையில் பட்டபோது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம் கழித்து அக்கா பட்டனை அமுக்கினாள். பட்டை இறுகியது, உயிரையே பிடிக்கிற மாதிரி இறுகி, மெல்ல விட்டது.

"நூத்தி அறுபத்தி ரெண்டு," என்றாள் அக்கா.

டெய்லரம்மாவுக்குத் திக்கென்றது. நிஜமாகவா? மெஷினின் முகம் அக்கா பக்கம் இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும், எண் தெரியும். அவள் கழுத்தை நீட்டவில்லை. மேஜைமேல் கை இருந்தபடியே இருந்தது.

"அப்படியா அண்ணி," என்றாள்.

"பேசாதே," என்றாள் அக்கா. "இன்னொரு தடவை எடுக்கணும்."